குறை வந்தால் யார் முன்னால் போய் நிற்பது?

ஒரு புடவை என்ன விலை என்று யாராவது கேட்டால், அதை உடுத்திக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும் வரை ஆன மொத்தச் செலவைத்தான் நான் சொல்கிறேன். கைப்பேசியில் தெரிவது அதில் ஒரு பகுதி. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் கடைக்காரர் சொல்வதும் ஒரு பகுதிதான். அனுப்பும் கட்டணம், பொருள் சேவை வரி, ஃபால்ஸ் (புடவையின் கீழ் விளிம்பில் உள்ளே வைத்துத் தைக்கும் துணிப்பட்டை) அடித்த கூலி, ரவிக்கை தைத்த கூலி, அளவு பிடிக்காமல் பிரித்துத் தைத்த கூலி, திருப்பி அனுப்ப அலைந்த நேரம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று பேச முடியும்.

எங்கள் வீட்டில் துணி எடுப்பது என் பொறுப்பு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என்று ஐந்து பேருக்கும் அன்றாட உடை, தீபாவளி, பொங்கல், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் என் தலையில்தான். செங்காங்கில் இருந்துகொண்டு இரவு பதினொரு மணிக்குச் செயலியில் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை வடகிழக்கு ரயிலைப் பிடித்து லிட்டில் இந்தியாவிலும் வாங்குகிறேன். கடைகளின் காலம் முடிந்துவிட்டது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இணையத்தில் துணி வாங்கினால் ஏமாந்துதான் போவோம் என்கிற பெரியவர்களோடும் உடன்பாடில்லை. இரண்டிலும் நிறையப் பணம் போட்டுப் பார்த்தவள் என்ற முறையில், காசு கொடுக்கும் முன் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் குறை வந்தால் யார் முன்னால் போய் நிற்பேன்? அதற்குத் தெளிவான பதில் இருந்தால் எங்கே வாங்கினாலும் எனக்குச் சம்மதம். பதில் இல்லையென்றால், குறை வந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய தொகைக்கு மேல் அங்கே போடுவதில்லை.

அக்காள் மகளின் திருமணத்தின்போது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் மண்டபத்தில் திருமணம். பெண் வீட்டுப் பெண்கள் அனைவரும் மயில்கழுத்து நிறத்தில் உடுத்த வேண்டும் என்று மணப்பெண் ஆசைப்பட்டாள். கேட்பதற்கு எளிய ஆசை. ஆனால் மயில்கழுத்து ஒரே சாயத்தில் வருகிற நிறம் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறத்திலும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறொரு நிறத்திலும் இருந்தால்தான் அது பிறக்கும். நீலப் பாவில் பச்சை ஊடை ஏறியிருந்தால், நிற்கும்போது நீலமாகத் தெரிகிற துணி, முந்தானையை எடுத்துத் தோளில் போடும்போது பச்சையாக மின்னும். நிழற்படம் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். அந்தக் கோணத்தில் விளக்கு எப்படி விழுந்தது, படத்தை எவ்வளவு மெருகேற்றினார்கள், நம் கைப்பேசித் திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து கடைசியில் நம் கண்ணுக்கு ஏதோ ஒரு நிறம் வருகிறது.

என் நாத்தனார் இந்தியாவிலிருந்து விற்கும் ஓர் இன்ஸ்டகிராம் கடையில் பணம் கட்டினார். படத்தில் அச்சு அசல் மயில்கழுத்து. வந்து சேர்ந்தது வெறும் நீலம். துணியின் ஓரத்தில் இழையைப் பிரித்துப் பார்த்தோம். பாவும் ஊடையும் ஒரே நிறம். கேட்டதற்கு, திரைக்குத் திரை நிறம் சற்று மாறும் என்று பதில் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டுமானால் கூரியர் செலவு நம்முடையது, வெளிநாட்டு ஆர்டருக்குப் பணம் திரும்பாது, அதே தொகைக்கு வேறு புடவை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே இல்லை. புடவை மோசமான புடவை என்று சொல்ல மாட்டேன். நல்ல நெசவுதான். எதற்காக வாங்கினோமோ அதற்கு உதவவில்லை, அவ்வளவுதான். அந்த நீலத்தை அவர் பொங்கலுக்கு உடுத்திக்கொண்டார்; திருமணத்துக்கு மறுபடியும் பணம் செலவழித்தார்.

எனக்கும் மாமியாருக்கும் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் எடுத்தோம். 1982-இல் திறந்த கட்டடம். கீழே மீன், ஆட்டிறைச்சி, காய்கறி, உணவுக் கடைகள். மேலே வரிசையாகத் துணிக்கடைகளும் தையல் மெஷின்களும். நாங்கள் போன கடையில் ஓர் அம்மா அடுக்கிலிருந்து எடுத்துப் போட்ட புடவைகளில் மூன்று, உள்ளே குழல்விளக்கின் கீழே ஒன்று போலவே தெரிந்தன. "இங்கே வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மூன்றையும் கையில் அள்ளிக்கொண்டு வெளிச்சம் விழும் நடைபாதைக்குப் போனார். ஒவ்வொன்றின் முந்தானையையும் பிரித்துத் தன் முழங்கையில் போட்டு மெல்ல ஆட்டிக் காட்டினார். ஒன்றில் பச்சை எழவே இல்லை. இன்னொன்றில் பச்சைக்குப் பதில் ஊதா எழுந்தது. மூன்றாவதுதான் நாங்கள் தேடியது. மாமியார் அதோடு விடவில்லை. கரையை மறுபுறம் திருப்பி, சரிகையின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். தொங்கும் இழைகள் இருந்தால் வளையலும் மெட்டியும் மாட்டி இழுத்துவிடும்; அவருடைய பல வருடப் பாடம் அது. பிறகு மடிப்பு இருந்த இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கடையில் நெடுநாள் மடித்தே கிடந்த பட்டு, மடிப்பில் நைந்து போயிருக்கும்.

இந்த மூன்று சோதனைகளில் ஒன்றைக்கூடக் கைப்பேசியில் செய்ய முடியாது. அதனால் பட்டு, இரட்டை நிறத் துணி, கனத்த சரிகை ஆகியவற்றை நான் கையில் தொடாமல் வாங்குவதில்லை.

பட்டு என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் சாஃப்ட் சில்க், செமி சில்க், ஆர்ட் சில்க் என்று எத்தனையோ தலைப்புகள். ஆர்ட் சில்க் என்றால் செயற்கை இழை. செமி சில்க் என்றால் கலப்பு. எவ்வளவு கலப்பு என்பதை விற்பவர் சொன்னால்தான் உண்டு. ஜார்ஜெட், கிரேப், ஆர்கன்சா என்பவையும் நெசவையும் துணியின் தன்மையையும் குறிக்கும் பெயர்கள். இழை பட்டாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஆகவே தலைப்பை விட்டுவிட்டு, விவரப் பகுதியில் இழை என்னவென்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லையென்றால் கேளுங்கள். கேட்டும் நழுவினால் பாலியெஸ்டர் என்றே வைத்துக்கொண்டு, அந்த விலைக்குப் பாலியெஸ்டர் வேண்டுமா என்று யோசியுங்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் பகல் நேரத் திருமணத்துக்குப் பாலியெஸ்டர் உடுத்திப் பந்தியில் நின்று பரிமாறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இழை வியர்வையை உறிஞ்சாது.

நல்ல விலை கொடுத்துப் பட்டு வாங்கும்போது, இந்தியாவில் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். அது இழை அசல் பட்டு என்பதற்கான உறுதி. சரிகை எப்படிப்பட்டது, கைத்தறியா விசைத்தறியா என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது. அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். முத்திரை இல்லாத இடத்தில் பழைய முறை இருக்கிறது. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகி, கடினமான கறுப்பு மணியாக உறையும். இதைக் கடையில் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். சரக்கில் நம்பிக்கை உள்ள கடைக்காரர்கள் தாமாகவே செய்து காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

புடவை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. தேக்காவுக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கும் தையற்கடைகள். பொதுவாக ஐந்தரை மீட்டர் புடவையோடு ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி சேர்ந்து வரும். இணையத்தில் வாங்கும்போது ரவிக்கைத் துணி சேர்ந்த நீளமா, தனியா என்பதைப் பார்க்காவிட்டால், வெட்டிய பிறகு புடவை குறைந்து கொசுவம் இரண்டு மடிப்பு குறையும். நான் போகும் தையற்கடை அக்கா, புடவையை மேசையில் விரித்து அளந்து பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டார். லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார். பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும். மேல் துணி சுருங்காது. அப்போது ரவிக்கை முழுவதும் சுருக்கம் விழுந்துவிடும். நனைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஓர் அங்குலம்தான் நம்மைக் காப்பாற்றும். இணையத்தில் ஆயத்த ரவிக்கை வாங்கினால், உள்ளே இப்படித் துணி விட்டிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இத்தனை சொன்னதால் நான் கடைப்பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். இணையம் எங்கள் வீட்டுக்குச் செய்த உதவி பெரிது.

மாமியாருக்கு முழங்கால் வலி. அகலமான, முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்தி நைட்டியும், கால்மூட்டுக்குக் கீழே இறங்கும் மெல்லிய உள்பாவாடையும் அவருக்கு வேண்டும். கடை கடையாக ஏறி இறங்க அவரால் முடியாது. சோபாவில் உட்கார்ந்து என் கைப்பேசியை வாங்கித் தானே படம் தள்ளிப் பார்த்து, "இந்தப் பூப்போட்டது வேண்டும், அந்தக் கோடு போட்டது வேண்டாம்" என்று அவரே தேர்ந்தெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. இதற்கு முன் அவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்ததைத்தான் அவர் உடுத்தினார். நடமாட்டம் குறைந்த பெரியவர்களுக்குத் தம் உடையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை மறுபடி கிடைப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

என் கணவர் உயரமானவர், கையும் நீளம். அங்காடிகளில் மாட்டியிருக்கும் சட்டைகளில் அவருக்குக் கை எட்டுவதில்லை. இணையத்தில் அந்த அளவு கிடைக்கிறது. பிள்ளைகளின் டி-சட்டை, அரைக்கால் சட்டை, உள்ளாடை, ஏற்கெனவே உடுத்திப் பழகிய நிறுவனத்தின் அதே ரகம் ஆகியவற்றுக்காகக் கடைக்குப் போவதை நான் நிறுத்தியே விட்டேன். குறை வந்தாலும் இழப்பு சிறியது. அளவும் ஏற்கெனவே தெரியும்.

அளவு பற்றி நான் கற்றுக்கொண்டது இது. எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பவே கூடாது. ஒரு நிறுவனத்தின் எல், இன்னொன்றின் எம்மை விடச் சிறியதாக இருக்கும். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை, கழுத்தடியிலிருந்து விளிம்பு வரை, கை நீளம் என்று சென்டிமீட்டரில் அளந்து கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் அடிக்கடி திருத்துகிறேன். அளவு அட்டவணையைப் பார்க்கும்போது அது உடம்பின் அளவா, துணியின் அளவா என்பதை முதலில் கவனியுங்கள். மார்பு 100 சென்டிமீட்டர் என்பது துணியின் அளவாக இருந்தால், மார்பு 100 உள்ளவருக்கு அது மூச்சுவிட இடமில்லாமல் பிடிக்கும். கையை வசதியாகத் தூக்க, சாதாரணச் சட்டைக்கு உடம்பைவிடப் பத்து சென்டிமீட்டராவது கூடுதலாக வேண்டும்.

கருத்துகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிக்கிறேன். கோபத்தில் எழுதாமல், பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். வாங்கியவர்கள் வீட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போட்ட படங்கள், விற்பவர் போட்ட படங்களைவிட நிறத்தைச் சரியாகச் சொல்கின்றன.

வரிக்கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். விமானம் வழியாகவோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேற்படாத பொருள்களுக்கு முன்பு பொருள் சேவை வரி இல்லை. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பொருள்களுக்கும் உண்டு. பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்களும் பெரிய விற்பனைத் தளங்களும் பணம் கட்டும் இடத்திலேயே வசூலித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டில் 8 விழுக்காடாக இருந்த வரி, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. ஆக, பட்டியலில் பார்க்கும் விலையும் கடைசித் திரையில் வரும் விலையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள கடைகளில் வரிக்குப் பதிவு செய்தவர்கள், வரி சேர்த்த விலையைத்தான் எழுதிப் போட வேண்டும். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு கடை பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பதிவு செய்யாத கடை நம்மிடம் வரி வாங்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து பட்டுப்புடவை வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் 400 வெள்ளி எல்லை. அதைத் தாண்டினால் பொருள் இங்கே வந்து இறங்கும்போது வரி கட்ட வேண்டும். அதைக் கணக்கிடுவது பொருளின் விலையை மட்டும் வைத்து அல்ல. அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்து. 380 வெள்ளிப் புடவைக்குக் கூரியர் 30 வெள்ளி என்றால் மொத்தம் 410. அதற்கு 9 விழுக்காடு 36 வெள்ளி 90 காசு. சில கூரியர் நிறுவனங்கள் வரி கட்டிக் கொடுத்ததற்குத் தம் கட்டணத்தையும் சேர்க்கும். ரவிக்கை, ஃபால்ஸ் எல்லாம் கூட்டினால், சிராங்கூன் ரோட்டுக் கடையில் அதிகம் என்று நாம் வைத்துவிட்டு வந்த புடவை பல வேளைகளில் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் வேறு எடுத்து, பக்கத்திலேயே தைக்கவும் கொடுத்திருக்கலாம்.

சென்னைக்குப் போகிற உறவினரிடம் சொல்லி தி. நகரில் எடுத்து வரச் சொல்வதும் நம்மிடையே வழக்கம். 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரையிலான புதிய பொருள்களுக்குப் பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்குக் குறைந்த நேரம் என்றால் 100 வெள்ளி. ஆனால் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், சார்ந்திருப்போர் அனுமதி, மாணவர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்கு இந்த விலக்கு கிடையாது. இது தெரியாமல் திருமணப் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர். விலக்கு இல்லாதவர்களும் விலக்குக்கு மேல் கொண்டு வருகிறவர்களும் சுங்கத்துறைச் செயலியில் முன்கூட்டியே அறிவித்து வரியைக் கட்டிவிடலாம். விமான நிலையத்தில் பிடிபட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

இனி, யார் முன்னால் நிற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மகனுக்கு லிட்டில் இந்தியாவில் எடுத்த குர்த்தா, முதல் சலவையிலேயே தோள் தையல் விட்டுப்போனது. கல்லாவுக்குப் பின்னால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எழுதி ஒட்டியிருந்த கடை அது. ரசீதையும் குர்த்தாவையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கடைப்பையன் சுவரைக் காட்டினான். கடைக்காரரை அழைக்கச் சொல்லி, தையல் விட்ட இடத்தைக் காட்டினேன். அவர் துணியை உட்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஓரம் மிகக் குறைவாகப் பிடித்துத் தைத்திருந்தது அவருக்கே தெரிந்தது. வேறு குர்த்தா எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதிலும் தோள் தையலைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அவர் நல்ல மனிதர் என்பது ஒரு புறம். சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. முதலில் சரிசெய்து தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். அது முடியாதபோது விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். சுவரில் எழுதி ஒட்டுவதால் இந்த உரிமை போகாது. அதே நேரம், நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. தெரிந்தே தள்ளுபடியில் வாங்கிய கறைக்கும், உடுத்தி நைந்ததற்கும் கேட்க முடியாது. இதை இரு தரப்பும் உணர்ந்து பேசினால் கடையில் குரல் உயர வேண்டிய தேவையே இல்லை.

பேச்சில் முடியவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நாமே முறையிடலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. புடவைக்கும் தையலுக்கும் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இது போதுமான வழி. ஆனால் எதிர்த்தரப்பு இங்கே இருக்க வேண்டும். கடல் கடந்து இருக்கும் ஒரு இன்ஸ்டகிராம் கணக்கை அந்த மன்றத்துக்கு எப்படி வரவழைப்பது?

பெரிய விற்பனைத் தளங்களில் வேறு வகையான பாதுகாப்பு இருக்கிறது. நாம் கட்டும் பணம் பெரும்பாலும் உடனே விற்பவருக்குப் போவதில்லை. பொருள் வந்துவிட்டது என்று நாம் உறுதி செய்த பிறகோ, குறித்த நாள் கடந்த பிறகோதான் போகும். அதனால் உடுத்திப் பார்க்காமல், பெற்றுக்கொண்டேன் என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். உறையின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, துணியை விரிக்கும் வரை வெட்டாமல் எடுங்கள். விற்பவர் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்துறை அமைச்சு 2022 முதல் மின்வணிகத் தளங்களுக்குப் பாதுகாப்புத் தரநிலை வெளியிடுகிறது. அதில் உச்ச மதிப்பீடான நான்கு சரிக்குறிகள் பெற்றவை எவை என்று பார்த்துவிட்டு வாங்கலாம். பார்சல் நிற்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளில் சந்தேகம் வந்தால் மோசடி பற்றிய உதவிக்கான 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

எந்தப் பக்கமும் நிரந்தரம் இல்லை என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 1858-இல் தொடங்கிய ராபின்சன்ஸ் பேரங்காடி தன் கடைகளை மூடப்போவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெயர் இணையக் கடையாக மட்டும் திரும்பி வந்தது. இணையத்தில் கொடிகட்டிப் பறந்த கியூடென் தளத்தில், விற்பவர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்று புகார்கள் குவிந்து, 2024 செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அதன் கட்டணச் சேவைகளை நிறுத்தச் சொன்னது. அதனால்தான் எங்கேயும் பெரிய தொகையை முன்பணமாகவோ வவுச்சராகவோ விட்டு வைக்க எனக்கு மனமில்லை.

என் தோழிகள் சிலர் செய்யும் ஒரு காரியம் எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. கடையில் போய் ஐந்தாறு புடவைகளை விரிக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்து, மேலே போட்டுப் பார்த்து, விலைச்சீட்டோடு படம் எடுத்துக்கொண்டு வந்து, அதே மாதிரி இணையத்தில் எங்கே மலிவு என்று தேடுகிறார்கள். அந்தக் கடைக்காரர் வாடகை கட்டுகிறார், மின்சாரம் கட்டுகிறார், நமக்காக அத்தனை மடிப்புகளையும் பிரித்து மறுபடி மடிக்கிறார். அவருடைய நேரத்தையும் அனுபவத்தையும் இலவசமாக வாங்கிக்கொண்டு பணத்தை வேறிடத்தில் கொடுப்பது நியாயமில்லை. விலை அதிகம் என்று பட்டால் அவரிடமே சொல்லுங்கள். நேரில் கேட்டுக் குறைத்துக் கொடுத்தவர்களும் உண்டு, ஃபால்ஸ் அடித்துச் சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. செயலியில் யாரிடம் கேட்பது?

கடையும் இணையமும் இரண்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள் இப்போது நிறைய. இணையத்தில் பதிவு செய்து, கடையில் வாங்கி, அங்கேயே அணிந்து பார்த்து, பிடிக்காவிட்டால் அங்கேயே கொடுத்துவிட முடிந்தால், அலுவலக உடைக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நாள்களில் பார்சலைக் காலணி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போவது கவலையாக இருந்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே இருக்கும் 'பிக்' என்ற பார்சல் பெட்டகங்களுக்கு அனுப்பச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு நான் வைத்திருக்கும் வரிசை இப்படி: பிள்ளைகளுக்கும் கணவருக்கும் இணையத்தில் முதலில், மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்படி. புடவைகள் தேக்காவில், அதற்கடுத்த வாரமே. ஏனென்றால் கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தைக் கூடாரம் எழும் நேரத்தில் தையற்கடை அக்காவின் மேசை நிறைந்துவிடுகிறது, தைக்கப் புதிதாகத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடுகிறார். ரவிக்கைத் துணியையும் நனைத்துக் காயவைத்த லைனிங்கையும், அளவுக்குப் பொருந்தும் ஒரு பழைய ரவிக்கையையும் அதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தைத்த ரவிக்கையை வாங்கும் நாளில் அங்கேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.